ஒரு ரூபாய் சேர்த்து வைத்தவன்

மத்தியானம் இரண்டு இருபத்தைந்துக்குத் தளவானூர் வண்டி ஹாரன் அடித்தால் இன்றைக்கும் என் கை போனைத் தேடுகிறது. போனில் ஒன்றும் இல்லை. காசு வைத்துச் சீட்டாடும் அந்த ஆப்பை மூடி நாளாகிவிட்டது. இருந்தும் கை போகிறது. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன்.

என் கடை செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில் இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். பட்டா, வில்லங்கம், வருமானச் சான்று, ஆதாரில் பிறந்த தேதி திருத்துவது என்று காலையில் கூட்டம் இருக்கும். ஒன்றரை மணிக்கு மேல் ஈ ஓட்ட வேண்டியதுதான். தாலுகா ஆபீஸ்காரர்கள் சாப்பிடப் போயிருப்பார்கள். மலைப்பாறை வாங்கிய சூடெல்லாம் ஊருக்குள் இறங்கும் நேரம் அது. கோட்டை பார்க்க வந்தவர்கள்கூட ஏறாமல் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில்தான் நான் போக்கர் ஆடினேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு. அது அவனவனுக்கு மட்டும் தெரியும். நடுவில் ஐந்து சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள், அது எல்லோருக்கும் பொது. இரண்டையும் சேர்த்து எவனுக்கு நல்ல கை அமைகிறதோ அவனுக்குப் பணம். ஒவ்வொரு சுற்றிலும் காசு வைக்கலாம். நீ வைத்த காசைப் பார்த்துப் பயந்து மற்றவன் சீட்டைப் போட்டுவிட்டால், உன் கையில் குப்பை இருந்தாலும் பணம் உனக்கு. சீட்டைக் காட்டக்கூட வேண்டாம். அதாவது பொய்க்கு அனுமதி உள்ள ஆட்டம்.

நான் ஆடியது இருப்பதிலேயே சின்ன மேஜை. ஒரு ரூபாய், இரண்டு ரூபாயில் தொடங்கும். இருநூறுக்கு மேல் கொண்டுபோய் உட்கார முடியாது. மூளைக்கு வேலை என்று விளம்பரம் போட்டார்கள். மூளைக்கு ஒரு வேலையும் இல்லை. ஆள் பார்க்கிற வேலைதான். அது எனக்குக் கடையிலேயே உண்டு. வருமானச் சான்றுக்கு வருகிறவன் வாயைத் திறப்பதற்கு முன்பே எவ்வளவு குறைத்துச் சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும்.

ஆப்பில் முகம் கிடையாது. சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், அதன் கீழே ஏதோ எழுத்தும் எண்ணும். யோசிக்கப் பதினைந்து விநாடி. வட்டத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கோடு தேய்ந்துகொண்டே வரும். அவ்வளவுதான் மனிதன். ஆனால் பழக்கத்தை மறைக்க முடியாது. ஒருவன் கோடு தேயவே விடாமல் டக்கென்று காசு வைப்பான், அவனிடம் ஒன்றும் இருக்காது. இன்னொருவன் ஒரு ஆட்டம் தோற்றால் அடுத்த ஐந்து ஆட்டத்தையும் ஆத்திரத்தில் ஆடுவான், அவனிடம் காத்திருந்து வாங்க வேண்டும். ஒவ்வொருவன் பெயரிலும் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ள ஆப்பிலேயே இடம் கொடுத்திருந்தார்கள். நான் எழுதினேன். கடைக்காரன் புத்தி.

அதில் ஒருவனுக்கு நான் வைத்த பெயர் ஒத்தரூபா.

காசு வைப்பதற்கு இருபது, ஐம்பது, நூறு என்று பட்டன்கள் தயாராக இருக்கும். ஒரு தட்டு தட்டினால் போதும். ஆனால் இவன் சில நேரம் ஐம்பத்தொன்று வைப்பான். இருபத்தொன்று வைப்பான். அதற்குப் பட்டன் கிடையாது, எண்ணைத் தட்டி எழுத வேண்டும். பதினைந்து விநாடிக்குள் அவ்வளவு சிரமப்பட்டு ஒரு ரூபாய் சேர்த்து எதற்காக வைக்கிறான் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பத்து நாளில் பிடிபட்டுவிட்டது. ஒரு ரூபாய் சேர்த்து வைத்தால் அவன் கையில் நிஜமாகவே சீட்டு இருக்கிறது. பட்டனைத் தட்டி முழுசாக ஐம்பது, நூறு வைத்தால் பொய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பக்கத்து ஆள்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நம் ஊரில் கல்யாணத்துக்கு எவனும் நூறு ரூபாய் மொய் வைக்கமாட்டான். நூற்றொன்று. ஐந்நூற்றொன்று. அந்த ஒரு ரூபாய் இல்லாமல் நல்ல காரியத்துக்குக் காசு நீட்டக் கை வராது. சாவு வீட்டில்தான் அந்த ஒன்று கிடையாது. நூறு என்றால் நூறு, அதோடு முடிந்தது. இவன் நல்ல சீட்டு வந்தால் அதை நல்ல காரியமாக நினைத்து ஒரு ரூபாய் சேர்க்கிறான். பொய் சொல்லும்போது அந்த ஒரு ரூபாயை வைக்க இவனுக்கு மனசு வரவில்லை. அப்படிச் செய்வது அவனுக்கே தெரிந்திருக்காது.

குறிப்பில் எழுதினேன்: ஒத்த ரூபா வந்தா ஓடு. முழுசா வந்தா பிடி.

அதன் பிறகு அவனை நான் உரித்தேன். வேறு வார்த்தை இல்லை. ஐம்பத்தொன்று வைத்தால் சீட்டைப் போட்டுவிடுவேன். ஐம்பது வைத்தால் விடமாட்டேன், நானும் ஐம்பது வைத்துப் பிடிப்பேன். ஒரு நாளைக்கு நாற்பது, எழுபது, சில நாள் இருநூறும் வரும். அவன் மறுநாளும் வருவான். ஒன்று ஐம்பதுக்கு வந்து உட்கார்ந்து, இரண்டு இருபத்தைந்துக்கு எழுந்து போய்விடுவான். ஜெயித்தாலும் தோற்றாலும் அதே நேரம்.

அமாவாசை அன்று மட்டும் வரமாட்டான். பக்திமான் போலிருக்கிறது, அன்று காசு வைத்து ஆடமாட்டான் என்று நினைத்தேன். ஏழெட்டு அமாவாசை அப்படியே நினைத்தேன். செஞ்சியில் கடை வைத்திருக்கிற எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். அமாவாசை என்றால் இந்தப் பக்கத்து வண்டிகள் பாதி மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷலாக ஓடும். அன்றைக்கு வண்டிக்காரர்களுக்குச் சோறு தின்னக்கூட நேரம் இருக்காது.

ஆடி மாசம், ஒரு வியாழக்கிழமை. நடுவில் நான்கு சீட்டு திறந்திருந்தது. ஒத்தரூபாவின் முறை. பச்சைக் கோடு தேய்ந்துகொண்டிருந்தது. எதிரில் தளவானூர் வண்டி ஹாரன் அடித்தது. உடனே நூறு விழுந்தது, முழு நூறு. நான் பிடித்தேன். கடைசிச் சீட்டு திறந்தது. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். ஒத்தரூபாவின் வட்டம் மங்கிப்போனது, ஆள் எழுந்துவிட்டான் என்று அர்த்தம். பணம் என் பக்கம் வந்தது.

நான் தலையைத் தூக்கினேன். கரும்புச்சாறு வண்டி நிழலிலிருந்து ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். ஓடிக்கொண்டே போனைத் தோல்பைக்குள் திணித்தார். படியில் ஏறி விசில் அடித்தார்.

என் அக்கா புருஷன்.

அதுவரை எனக்கு அவன். அந்த நிமிஷத்திலிருந்து அவர். மாமா அந்த வண்டியில் பத்தொன்பது வருஷமாகக் கண்டக்டர்.

அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். கடையை விட்டு இறங்கிப் போய், மாமா அது நான்தான், போதும் விட்டுடுங்க என்று சொல்லியிருக்கலாம். நாற்பது அடி தூரம். நான் போகவில்லை. மறுநாள் ஒன்று ஐம்பதுக்கு அவர் எதிரில் உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாளும்.

ஏன் என்று கேட்டால், எனக்கு அவர் மேல் வயிற்றெரிச்சல். அக்காவைக் கட்டும்போது பைக் இல்லாமல் தாலி கட்டமாட்டேன் என்று உட்கார்ந்தவர் அவர். சிங்கவரத்தில் எங்களுக்கு இருந்த மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலை விளைந்த நிலத்தில், பாதியை நைனா விற்றார். அந்த பைக்கில் வந்து இறங்கி, எந்த விசேஷத்திலும் பத்து பேர் நடுவில் என்னைத்தான் பிடிப்பார்.

“மச்சான் படிச்சது பி.எஸ்சி. செய்யறது ஜெராக்ஸ். பச்ச பட்டன அமுத்தறதுக்கு எதுக்குடா டிகிரி?”

அவர் வண்டியில் ஏறினால் என்னிடமும் டிக்கெட் கிழிப்பார். “சொந்தமெல்லாம் வீட்ல. வண்டில டிக்கெட்டு.” இது ஒரு வகையில் நேர்மைதான். ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வார்.

ஆகவே அவர் ஒவ்வொரு தடவை முழுசாக ஐம்பது வைத்து என்னிடம் மாட்டும்போதும், கொல்லையில் ஒரு கைப்பிடி மண் திரும்பி வந்த மாதிரி இருந்தது. நான் எடுக்காவிட்டால் எவனோ ஊர் பேர் தெரியாதவன் எடுக்கப் போகிறான், என்னிடம் இருந்தால் என்றைக்காவது அக்காவுக்குக் கொடுக்கலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். இது பின்னால் கண்டுபிடித்த சமாதானம். உண்மையில் எனக்குப் பிடித்திருந்தது.

ஆடி முடிவதற்குள் அக்கா கடைக்கு வந்தாள்.

“ரெண்டு ஜெராக்ஸ் போடுடா. ஆதாரு. முன்னால பின்னால.”

“எதுக்குக்கா?”

“பேங்குக்கு.”

“பேங்குல இன்னா?”

“போடுன்னா போடேன். கேள்வி கேட்டாத்தான் மிஷினு ஓடுமா?”

கார்டை வாங்கும்போது அவள் காதைப் பார்த்தேன். தோடு இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தாள். இரண்டு காதிலும்.

“தோடு எங்க?”

“பைல இருக்குது. எங்கியும் பறந்து போகல.” குரலைத் தணித்துக்கொண்டாள். “பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தணும். பந்தல்காரன் அட்வான்ஸ் கேக்கறான். கையில ஒண்ணும் இல்ல.”

“மாமா?”

“அவரு கிட்ட இன்னா இருக்குது? கலெக்சன் கொறையுதுன்னு ஓனரு தெனப்படில புடிச்சிக்கறாராம். எட்டு மாசமா இதே பாட்டு. கேட்டா டென்சன் ஆவறாரு.”

எட்டு மாசம். ஒத்தரூபாவின் பெயரில் நான் முதல் குறிப்பு எழுதி எட்டு மாசம் ஆகியிருந்தது.

ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். நான்கு ரூபாயைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, “ஓசில எடுத்தா பேங்க்காரன் காசு தரமாட்டான்” என்று சிரித்துக்கொண்டே போனாள். நடக்கும்போது கை தானாகக் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

அன்றைக்கு நான் ஆடவில்லை. ஒன்று ஐம்பதுக்கு அவர் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, ஆப்பில் பழைய ஆட்டங்களை எல்லாம் திறந்து, அவர் ஒருவரிடமிருந்து மட்டும் எனக்கு வந்ததைக் கூட்டினேன். பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது. அந்தத் தோட்டை அடகிலிருந்து மூட்ட அதுவே போதும். திருப்பிக் கொடுத்துவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம், தாய்மாமன் மொய்யாகவே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். என்னைவிடப் புத்திசாலி செஞ்சியில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தளவானூரில் அக்கா வீட்டு வாசலில் பந்தல். சீர்த்தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு மொய் எழுதும் மேஜைக்குப் போனேன். எழுதியவர் எனக்குப் பெரியப்பா முறை. நோட்டுகளை எண்ணினார். நாணயத்தை எடுத்து என்னைப் பார்த்தார்.

“இன்னாப்பா இது, கரெண்ட் பில்லு மாதிரி? பதினோராயிரத்து ஒண்ணுன்னு எழுதறேன். மீதிய பொண்ணு கையில குடு.”

“இல்ல பெரியப்பா. இருக்கறத அப்படியே எழுதுங்க.”

எழுதினார். மைக்கிலும் படித்தார்கள். தாய்மாமன் மொய் பதினோராயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்று. பந்தல் முழுக்க அந்த எண் போய்ச் சுற்றியது. எவ்வளவு எடுத்தேனோ அதை அப்படியே வைத்துவிட வேண்டும், ஒரு ரூபாய் குறையக்கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம். நேர்மை என்று நினைத்தேன். திமிர் அது.

மாமா வந்தார். புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம். அவருடன் நான்கைந்து பேர்.

“இன்னா மச்சான். ஜெராக்ஸ் கடை டப்பாவ அப்படியே கவுத்துட்டு வந்துட்டியா? நாப்பத எடுத்துட்டு முழுசா வச்சிருக்கலாம்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இதையெல்லாம் எழுத வேண்டியதே இல்லை. எட்டு மாசம் ஒருவரைப் படித்து வைத்திருக்கிறேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. அது உள்ளே கிடந்து அரித்தது.

“முழுசா வச்சா பொய்யா போயிடும் மாமா,” என்றேன். “நீங்க மட்டும் நெஜம்னா ஒத்த ரூபா சேத்துத்தான வைப்பீங்க. ஐம்பத்தி ஒண்ணு. பொய்யின்னாதான முழுசா ஐம்பது.”

நின்றவர்கள் இதற்கும் சிரித்தார்கள். மொய்யைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். எனக்குப் பச்சைக் கோடு தேய்வது தெரிந்தது. பதினைந்து விநாடிக்குக் குறையாது. அவர் முகத்தில் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தது. என் கடை, அந்த நேரம், அவருடைய ஐம்பதுகளை மட்டும் குறிவைத்துப் பிடித்த அந்த ஒரு ஆள், இப்போது மைக்கில் படித்த எண்.

“சாப்டியா?” என்று கேட்டார்.

“இல்ல மாமா.”

“போய் சாப்பிடு.”

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

தோட்டை மூட்டியிருப்பார்கள் என்று நினைத்து, பத்து நாள் கழித்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

“எங்க மூட்டறது? மொய்யி பந்தலுக்கும் சமையலுக்கும் சரியாப் போச்சு. நீ வச்சத மட்டும் அவரு தனியா எடுத்துக்கினாரு. இது உன் தம்பி காசு, இத நான் பாத்துக்கறேன்னாரு. தோட்ட மூட்டத்தான் சொல்றாருன்னு நெனச்சேன்.”

விசேஷம் முடிந்ததும் நான் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தேன். அந்தக் காசு எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான்கு நாளாக ஒன்று ஐம்பதுக்கு மாமா என் மேஜைக்கு வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். இன்னொரு மேஜை காலியாக இருந்தாலும் அங்கே போகமாட்டார். நான் எதில் இருக்கிறேனோ அதில்தான்.

இப்போது எல்லாம் முழுசு. இருபது, ஐம்பது, நூறு. நல்ல சீட்டு இருந்தாலும் முழுசு, குப்பை இருந்தாலும் முழுசு. அந்த ஒரு ரூபாய் எங்கேயும் இல்லை. என் குறிப்பால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவரைப் படிக்க முடியாமல் நானே தோற்க ஆரம்பித்தேன்.

தோற்றது எனக்கு வலிக்கவில்லை. வேறொன்று தோன்றியது. தோன்றிய பிறகு அதை விரட்ட முடியவில்லை. ஒரு மனிதர் தினமும் முப்பத்தைந்து நிமிஷம் என் எதிரில் உட்கார்ந்து, சாவு வீட்டில் வைக்கிற மாதிரிக் காசு வைத்துக்கொண்டிருக்கிறார். நூறு. கோடு தேயும். மறுபடி நூறு. கடைக்குள்ளிருந்து பார்த்தால் அவரே தெரிவார். கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, குனிந்து, போனைப் பார்த்துக்கொண்டு. ஒரு நாள்கூடத் தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்ததில்லை. அவர் விரல் அசையும். என் கையில் இருக்கும் போனில் நூறு விழும். நடுவில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். உச்சி வெயிலில் எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும்.

சரி, அவருக்கே திரும்பப் போகட்டும் என்று வேண்டுமென்றே தோற்றுப் பார்த்தேன். நல்ல கை இருக்கும்போதே சீட்டைப் போட்டேன். மூன்றாவது தடவையே கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அப்படிப் போடும் நாளெல்லாம் இரண்டிரண்டு ரூபாயாக வைத்தார், என் பிச்சை வேண்டாம் என்று. அவருக்கும் ஆள் பார்க்கத் தெரியும். எவன் டிக்கெட் எடுக்காமல் இறங்கப் போகிறான் என்று ஏறும்போதே சொல்கிறவர்.

ஒரு வாரம் ஆடாமல் இருந்து பார்த்தேன். என் எதிரிலாவது அவர் ஜெயித்தார். நான் இல்லாத அந்த ஒரு வாரத்தில் மற்றவர்களிடம் கண்மண் தெரியாமல் தோற்றார். நான் ஆடாமல் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அந்தப் பதினோராயிரம் கண்ணெதிரில் ஊர் பேர் தெரியாதவர்களிடம் போனது. அதில் அக்காவின் தோடு இருந்தது. திரும்பப் போய் உட்கார்ந்தேன்.

அக்காவிடம் நானே பேங்குக்கு வந்து மூட்டித் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

“நீ மூட்டிக் குடுத்தா அத காதுல போட விடமாட்டாரு. உன் பேர எடுத்தாலே எழுந்து போயிடறாரு. ரெண்டு பேருக்கும் இன்னாடா நடந்துச்சு?”

“ஒண்ணும் இல்லக்கா.”

“ஒண்ணும் இல்லாததுக்கா இப்படி?”

மார்கழி கடைசியில் ஒரு நாள். எனக்கு வந்த இரண்டு சீட்டும் ராஜா. நடுவில் திறந்ததிலும் ஒரு ராஜா. மூன்று ராஜா என்றால் அந்தச் சின்ன மேஜையில் மாசத்துக்கு ஒரு முறை பார்க்கிற கை. மற்றவர்கள் சீட்டைப் போட்டுவிட்டார்கள். அவரும் நானும்தான். கடைசிச் சீட்டு திறந்தது. அவருடைய பச்சைக் கோடு தேய்ந்தது. முக்கால்வாசி போயிற்று. எண்ணைத் தட்டுகிறார் போலிருக்கிறது, ஏனென்றால் பட்டனுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

நூற்றொன்று விழுந்தது.

நான் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாசத்துக்குப் பிறகு அந்த ஒரு ரூபாய். என் சீட்டு எனக்கு மறந்துபோனது. எனக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். போதும்டா, இது நிஜம், இத்தோடு விடு என்கிறார். என்னைச் சாவு வீட்டிலிருந்து எழுப்பிவிட்டார். எனக்கு மூன்று விநாடி மிச்சம் இருந்தபோது அந்த மூன்று ராஜாவையும் கீழே போட்டேன். இது பிச்சை இல்லை. நிஜமாகவே நம்பிப் போட்டேன். அது அவருக்குத் தெரிந்திருக்கும்.

பணம் அவர் பக்கம் போனது. ஜெயித்தவன் சீட்டைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் விரும்பினால் காட்டலாம், அதற்கும் ஒரு பட்டன் உண்டு. அதுவரை அவர் அதைத் தொட்டதே இல்லை. அன்றைக்குத் தொட்டார். இரண்டு சீட்டும் திரும்பின.

ஏழு. இரண்டு. வேறு வேறு ஜாதி. நடுவில் இருந்த எதனோடும் ஒட்டவில்லை. அதைவிடக் கேவலமான கை அந்த ஆட்டத்தில் இல்லை.

வண்டி ஹாரன் அடித்தது. வட்டம் மங்கியது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் நிதானமாக எழுந்து, பேன்ட்டில் ஒட்டிய புழுதியைத் தட்டி, போனைத் தோல்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். படியில் ஏறி விசில் அடித்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அந்த மேஜைக்கு வரவே இல்லை. ஆப்பை மூடும்வரை தினமும் ஒன்று ஐம்பதுக்குத் திறந்து பார்த்தேன். வரவில்லை. அவருக்கு வேண்டியது காசு இல்லை. எனக்கு ஒருவரை மட்டும் நம்பத் தெரிந்திருந்தது, அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொய்யில் அந்த ஒரு ரூபாயை வைக்க மனசு வராத ஒருவர் இருந்தார். வைக்கக் கற்றுக்கொடுத்தது நான்.

தோட்டுக்கு வட்டி கட்டவில்லை. பேங்கிலிருந்து இரண்டு கடிதம் வந்ததாம், அக்கா யாரிடமும் காட்டவில்லை. ஏலத்தில் போய்விட்டது.

அதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. போன மாசம் அக்கா கடைக்கு வந்தாள். பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள், கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். மத்தியான நேரம். நான் கம்ப்யூட்டரில் மார்க்கை எல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஃபேன் காற்றுக்கு முகத்தைக் காட்டினாள். வேப்பங்குச்சி இல்லை. கிட்டத்தில் பார்த்தால், ஓட்டை இருந்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும்.

“குச்சி எங்க?”

“தூர்ந்து போச்சு. விட்டுட்டேன். எதுக்கு தெனமும் ஒடிச்சி ஒடிச்சி சொருவறது?” காதைத் தடவிக்கொண்டாள். “இன்னும் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கல இல்ல?”

“இல்ல.”

“எப்பதான் சொல்லப்போற?”

“ஃபீசு இருநூத்தம்பதுக்கா,” என்றேன்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து இருநூற்றைம்பதை எண்ணி வைத்தாள். திரும்பவும் முடிச்சில் துழாவி ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, நோட்டுகளுக்கு மேல் வைத்தாள்.

“ஃபீசு முழுசாதான்க்கா.”

“தெரியும். பொண்ணு படிக்கப் போறா. நல்ல காரியத்துக்கு ஒத்த ரூபா இல்லாம எப்படிடா குடுக்கறது? வச்சிக்க.”

எதிரில் தளவானூர் வண்டி ஹாரன் அடித்தது. அக்கா விண்ணப்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு, “அவரு வண்டி எடுத்துட்டாங்க, நான் வரேன்” என்று ஓடினாள். விசில் சத்தம் கேட்டது. நோட்டுகளை எடுத்துக் கல்லாவில் போட்டேன். அந்த நாணயத்தை எடுக்கவில்லை. இன்னும் கண்ணாடி மேல்தான் இருக்கிறது. ஜெராக்ஸுக்கு வருகிறவர்கள் யாருடையது என்று கேட்கிறார்கள். என் கை அதன் பக்கம் போகமாட்டேன் என்கிறது. இரண்டு இருபத்தைந்துக்குப் போனைத் தேடுகிற அதே கை.